திம்பம் ஏறும் வண்டிகள்: கொங்கு நாட்டு மோட்டார் சைக்கிள் ஆர்வலர்களும் அவர்களது கூட்டறிவும்

மோட்டார் சைக்கிள் ஆர்வலர் கூட்டம் என்பது ஒரே வகை வண்டியையோ ஒரே வகைப் பயணத்தையோ விரும்பும் சிலர், தமக்குத் தெரிந்ததைக் காசு வாங்காமல் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் ஏற்பாடு. பெயர்ப்பலகையும் முத்திரையும் கொண்ட கிளப்பாக அது இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மெக்கானிக் கடை வாசலில், கவிழ்த்துப் போட்ட ஆயில் டப்பாக்களின் மேல் உட்கார்ந்து டீ குடிக்கும் நான்கு பேராகவும் இருக்கலாம். கொங்கு நாட்டில் இந்த இரண்டாவது வகைதான் மூத்தது.

காரின் என்ஜின் மூடிக்குள் கிடக்கிறது. மோட்டார் சைக்கிளின் என்ஜினோ ஓட்டுபவரின் முழங்கால்களுக்கு நடுவே, கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் ஓடுகிறது. அதன் சத்தம் மாறினால் ஓட்டுபவருக்கு உடனே தெரியும். ஏன் மாறியது என்பது பெரும்பாலும் தெரியாது. தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவிலுள்ள இந்தச் சின்ன இடைவெளியில்தான் ஆர்வலர் கூட்டங்கள் முளைக்கின்றன. 'உன் வண்டியிலும் இப்படிச் சத்தம் வந்ததா?' என்ற கேள்விதான் உலகம் முழுக்க இவற்றின் முதல் வாக்கியம்.

அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் அச்சில் வராது. வந்தாலும் வருவதற்குள் பழசாகிவிடும். கம்பெனி தரும் கையேடு ஓசூருக்கும் சண்டிகருக்கும் ஒன்றேதான். ஒன்பதாவது வளைவில் நேற்று லாரி சிந்திய டீசல் அதில் இருக்காது. எந்தக் கடையில் கிளட்ச் பிளேட் அசல், எந்தக் கடையில் போலி என்பதும் இருக்காது. ஆகவே ஓர் ஆர்வலர் கூட்டத்தின் பயனை அளக்க வேண்டுமானால் ஊர்வலங்களையும் டி-ஷர்ட்டுகளையும் ஒதுக்கிவிட வேண்டும். இந்த அச்சேறாத அறிவை அது எவ்வளவு சரியாகக் கைமாற்றுகிறது, தப்பானதை எவ்வளவு சீக்கிரம் திருத்துகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. பார்ப்பதற்குச் சத்தியமங்கலம் தோதான ஊர். தெற்கே எழுபது கிலோமீட்டரில் கோவையின் பட்டறைகள். வடக்கே பண்ணாரியைத் தாண்டினால் திம்பம் மலைச்சாலை. அதையும் தாண்டிச் சாமராஜநகர் வழியே போனால், ஒரு காலத்தில் ஜாவாவையும் யெஸ்டியையும் செய்து அனுப்பிய மைசூரு.

பட்டறை வழி வந்த அறிவு

இந்தப் பகுதியின் மோட்டார் சைக்கிள் ஆர்வத்துக்கு முதல் ஆள் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் ஜி.டி. நாயுடுவைத்தான் சொல்ல வேண்டும். சூலூருக்கு அருகே கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்தவர். ஊருக்கு வந்த ஓர் ஆங்கிலேய அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கியதும், கோவையில் ஓட்டல் ஒன்றில் பரிமாறும் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அந்த வண்டியையே விலைக்கு வாங்கியதும், வாங்கியதைத் திருகு திருகாகக் கழற்றி மறுபடி பூட்டியதும் கொங்கு நாட்டில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்தோடு போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கியது அதற்குப் பிறகு. கழற்றிப் பார்க்கும் ஆசை அவரிடமிருந்து தொடங்கவில்லை என்றாலும், அந்த ஆசைக்கு மரியாதை வந்தது அவரால்தான். வண்டியைக் கழற்றிய பையனைத் திட்டும் அப்பாவும் மனதுக்குள் நாயுடுவை நினைத்துக்கொள்ளும் ஊர் இது.

அவருக்கு ரட்ஜைப் பற்றிக் கேட்டுக்கொள்ள அருகில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். பின்னால் வந்தவர்களுக்கு இருந்தார்கள். நூற்பாலைகளும் பம்ப்செட் தொழிலும் வளர்ந்த கோவையில், அவற்றுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைகள் கணபதி, பீளமேடு, ஆவாரம்பாளையம் என்று தெருவுக்குத் தெரு பெருகின. மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு இதனால் கிடைத்த வசதி பெரிது. மற்ற ஊர்களில் பழைய வண்டிக்கு ஒரு புஷ் கிடைக்கவில்லை என்றால் சென்னைப் புதுப்பேட்டைக்கு ஆள் அனுப்ப வேண்டும். கோவையில் தேய்ந்த புஷ்ஷைக் கையில் கொடுத்தால், அளவெடுத்து மாலைக்குள் புதிதாகக் கடைந்து கொடுக்க ஆள் உண்டு. சிலிண்டரை ரீபோர் செய்வதும் ஸ்லீவ் போடுவதும் கிராங்க் பின்னை மாற்றிப் பிரஸ் செய்வதும் இங்கே அன்றாட வேலைகள்.

இந்தியச் சாலைகளில் ஓடும் வண்டிகளின் பாகங்கள் பலவும் கோவையில் பிறந்தவை: எல்.ஜி.பி.யின் ரோலான் செயின், பிரிக்கால் மீட்டர், ரூட்ஸ் ஹாரன். இத்தகைய தொழிற்சாலைகளில் பத்து ஆண்டு வேலை பார்த்தவர் வெளியே வந்து சொந்தப் பட்டறை வைப்பது கொங்கு வழக்கம். ஆகவே இங்கே ஆர்வலர் கூட்டம் என்றால் அதில் ஓட்டுபவர்கள் மட்டும் இருப்பதில்லை. செய்பவரும் கடைபவரும் கூடவே உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு காற்றில் பறந்தால், 'அந்த ஸ்டீலுக்கு அவ்வளவு தாங்காதுங்க' என்று இழுத்துப் பிடிக்க ஆள் இருக்கும்.

வண்டிக்கு வண்டி ஒரு குணம்

பழைய வண்டிகளைச் சுற்றித்தான் கூட்டங்கள் இறுக்கமாக இருக்கின்றன. புது வண்டிக்கு ஷோரூம் இருக்கிறது. பழைய வண்டிக்கு மனிதர்கள்தான் கதி.

புல்லட்டை எடுத்துக்கொள்ளலாம். சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையிலிருந்து 350 சிசி புல்லட் வெளிவந்தது. காஸ்ட் அயர்ன் என்ஜின் கொண்ட அந்தப் பழைய புல்லட்டை ஸ்டார்ட் செய்வது ஒரு சடங்கு. பெட்ரோலைத் திறந்து சாவியைப் போட்டதும் உதைத்துவிடக் கூடாது. கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே ஹெட்லைட்டின் மேலுள்ள அம்மீட்டர் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் இடப்பக்கம் சாய்ந்து, பிறகு நடுவுக்கு வந்து நிற்கும் இடத்தில் பாயின்ட் திறந்திருக்கிறது, பிஸ்டன் உச்சியில் நிற்கிறது என்று பொருள். அப்போது டிகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துக் கிக்கரை இன்னும் ஒரு விரற்கடை இறக்கி, லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு எடையையும் போட்டு ஒரே மிதி. சரியாகச் செய்தால் முதல் உதையிலேயே 'டப் டப்' என்று பிடிக்கும். தப்பாகச் செய்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கும். இதைக் கையேட்டில் படித்துக் கற்றவர்கள் மிகக் குறைவு. யாரோ ஒருவர் பக்கத்தில் நின்று, 'முள்ளப் பாருங்க, முள்ளப் பாருங்க' என்று சொல்லக் கேட்டுத்தான் கற்றிருப்பார்கள்.

இதே புல்லட்டில் கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருந்தன. மற்ற வண்டியில் பழகிய கால், அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிக்கும். கூட்டமாகப் போகும்போது மலைச்சாலையில் வண்டி மாற்றி ஓட்டக் கூடாது என்ற பழைய விதிக்கு இதுதான் காரணம். இடப்பக்கக் கியர் வந்து ஆண்டுகள் பல ஆகியும் விதி மட்டும் நிற்கிறது. காரணம் மறந்தாலும் பலன் தரும் விதிகள் இந்தக் கூட்டங்களில் நிறைய உண்டு.

மைசூரின் ஐடியல் ஜாவா 1961-இல் உற்பத்தியைத் தொடங்கி, 1973 முதல் யெஸ்டி என்ற பெயரில் வண்டிகளை விற்று, 1996-இல் மூடப்பட்டது. சத்தியமங்கலத்துக்கு இது மலைக்கு அந்தப் பக்கத்து வண்டி. கிக்கரும் கியர் லீவரும் ஒன்றேயான விசித்திரம் அதற்கு உண்டு. லீவரை உள்ளே அழுத்திப் பின்னால் திருப்பினால் அதுவே கிக்கர். அது டூ ஸ்ட்ரோக் வண்டி என்பதால் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். லிட்டருக்கு 30 மில்லியா 40 மில்லியா என்ற வாதம் அரை நூற்றாண்டாக முடியவில்லை. முடியும் என்று எதிர்பார்ப்பவர்களும் இல்லை.

அளவில் கருத்து வேறுபட்டாலும் ஓர் ஆபத்தில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினில் ஆயில் தனியாக அடியில் கிடக்கிறது. ஆக்சிலேட்டரை மூடினாலும் பிஸ்டனுக்கு மசகு கிடைக்கும். யெஸ்டியில் பெட்ரோல் போனால்தான் ஆயிலும் போகும். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக மூடிக்கொண்டு கியரிலேயே இறங்கினால், சக்கரம் என்ஜினைச் சுழற்றிக்கொண்டே இருக்கும், பிஸ்டனுக்கு எண்ணெய் கிடைக்காது. சூடேறி என்ஜின் சீஸ் ஆகும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். வளைவில் அப்படி நடந்தால் ஆளோடு வண்டி விழும். 'இறக்கத்துல அப்பப்ப ஆக்சிலேட்டர ஒரு திருகு திருகி உடுங்க' என்ற ஒற்றை வரி அறிவுரை திம்பத்தில் எத்தனை பிஸ்டன்களைக் காப்பாற்றியிருக்கும் என்று கணக்கிட வழியில்லை. ஒரு கூட்டத்தின் மதிப்பு இப்படிப்பட்ட ஒற்றை வரிகளில்தான் இருக்கிறது.

யமஹா ஆர்.எக்ஸ். 100-இன் கதை வேறு. எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன இந்த 98 சிசி வண்டிக்கு 11 குதிரைத்திறன், இலேசான உடம்பு. அன்றைய இளவட்டங்களின் கனவு வண்டி. இன்று நன்றாகப் புதுப்பித்த ஆர்.எக்ஸ். ஒன்று, புதிதாக விற்ற விலையைவிடப் பல மடங்குக்குக் கைமாறுகிறது. அங்கேதான் போலியும் புகுந்தது. என்ஜின் நம்பரைத் தேய்த்து மறுபடி குத்திய வண்டி, இரண்டு வண்டிகளை வெட்டி ஒட்டிய சேசிஸ் ஆகியவற்றைப் புதியவரால் கண்டுபிடிக்க முடியாது. எழுத்துக் குத்தியிருக்கும் ஆழத்தைப் பார்த்தே சொல்லும் கண் பழகியவர்களுக்கு மட்டும் வாய்க்கும். வாங்குமுன் அப்படி ஒருவரைக் கூட்டிப்போவதால் மிச்சமாகும் தொகை, ஆர்வலர் கூட்டத்தின் பயன்களில் ரூபாயில் எண்ணிச் சொல்லக்கூடிய ஒன்று.

ஆர்வலர்கள் தம் வரலாற்றில் சேர்த்துக்கொள்ளாத வண்டி ஒன்றும் உண்டு. 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50. விடிவதற்கு முன்பே பறித்த மல்லியை மூட்டையாகக் கட்டிச் சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது அந்த மொபெட்டும் அதன் வாரிசான எக்ஸ்.எல்.லும்தான். இவற்றுக்கு ரசிகர் மன்றம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் இல்லை. ஆனால் டூ ஸ்ட்ரோக் என்ஜினின் நாடியைப் பிடித்துப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகளை இந்த ஊருக்குப் பழக்கிக் கொடுத்தது இவைதான். ஆர்.எக்ஸ். ஆர்வலர் இன்று தேடிப்போகும் கிராமத்து மெக்கானிக், இருபது வருடம் மொபெட் கார்புரேட்டரைக் கழுவிக் கற்றவராகத்தான் இருப்பார்.

இருபத்தேழு வளைவுகள்

பண்ணாரி அம்மன் கோயிலைத் தாண்டி ஏறும் திம்பம் மலைச்சாலை, கோவையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 948-இன் ஒரு துண்டு. பழைய எண் 209. அதில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையின் எழுபது, ஆழியாறு - வால்பாறைச் சாலையின் நாற்பது ஆகியவற்றோடு ஒப்பிட்டால் எண்ணிக்கை சிறியது. ஆனால் இதில் மாநிலம் விட்டு மாநிலம் போகும் கனரக லாரிகள் ஓடுகின்றன. மற்ற மலைச்சாலைகளில் கற்ற பாடம் இங்கே முழுதாக உதவாமல் போவது அதனால்தான்.

நீண்ட லாரி கொண்டை ஊசியில் திரும்பும்போது எதிர்ப்பக்கத்துச் சாலை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். மேலிருந்து இறங்கும் மோட்டார் சைக்கிள், வளைவுக்கு முன்பே நின்று அதற்கு வழிவிட வேண்டும். சந்தில் நுழையப் பார்த்தால் பின்சக்கரத்துக்கும் தடுப்புச்சுவருக்கும் நடுவில் மாட்டும். லாரி ஏறும்போது ததும்பும் டீசல் வளைவின் வெளிவட்டத்தில் சிந்தும். மழைக்குப் பிறகு அதில் வானவில் போல நிறம் தெரிந்தால் சக்கரத்தை அங்கே வைக்கக் கூடாது. இந்தச் செய்திகள் வளைவின் எண்ணோடுதான் பரிமாறப்படுகின்றன. 'ஆறுல லாரி நிக்குது', 'இருபத்தி ரெண்டுல மண்ணு சரிஞ்சிருக்குது' என்றால் போதும். பண்ணாரி சோதனைச்சாவடி டீக்கடையில் வாய்வழியாகப் போய்க்கொண்டிருந்த இந்தச் சேதிகள் இப்போது கைப்பேசிக் குழுக்களிலும் போகின்றன. வேகம் கூடியது உண்மை. ஆனால் டீக்கடையில் சொன்னவரிடம் 'நீங்க பார்த்தீங்களா, கேள்விப்பட்டீங்களா?' என்று முகம் பார்த்துக் கேட்க முடிந்தது.

இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது என்பது அடுத்த பாடம். டிரம் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் லைனிங் சூடாகிப் பிடிப்பை இழக்கும். லீவர் கைப்பிடி வரை வந்தும் வண்டி நிற்காது. எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்ற லாரிக்காரர் விதியை மோட்டார் சைக்கிள்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயமான பிறகு சக்கரம் பூட்டிச் சறுக்குவது குறைந்தது. ஆனால் ஏ.பி.எஸ். சூட்டைக் குறைப்பதில்லை. இரண்டும் ஒன்று என்று நினைக்கும் புதியவருக்கு வேறுபாட்டை எடுத்துச் சொல்வது பழகியவர்களின் வேலையாகிவிட்டது.

1990-கள் முழுக்க இந்தக் காட்டில் சுற்றுலாவுக்காக வண்டி ஓட்டியவர்கள் அரிது. சந்தனக் கடத்தல்காரர் வீரப்பன் மீதிருந்த பயமும் அவரைத் தேடிய அதிரடிப்படையின் சோதனைகளும் சேர்ந்து திம்பத்தை வேலை இருப்பவர் மட்டும் ஏறும் மலையாக வைத்திருந்தன. 2004 அக்டோபரில் அவர் கொல்லப்பட்ட பின்னரே வார இறுதிப் பயணிகள் வரத் தொடங்கினார்கள். அதற்குள் சட்டமும் மாறத் தொடங்கியது. 2008-இல் வனவிலங்குச் சரணாலயம், 2013-இல் 1,408 சதுர கிலோமீட்டர் புலிகள் காப்பகம் என்று காட்டுக்குப் பாதுகாப்பு வந்தது. வாகனங்களில் அடிபட்டு விலங்குகள் சாவதைத் தடுக்க, 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இரவுப் போக்குவரத்துத் தடையை நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. பிறகு அதில் திருத்தங்களும் வந்தன. நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ். விதிகள் இப்படி அடிக்கடி மாறும் பகுதியில், 'இப்போது எத்தனை மணிக்குக் கேட்டை மூடுகிறார்கள்?' என்ற கேள்விக்கு நேற்று போய்வந்தவரின் பதில்தான் சரியான பதில்.

பிறகு யானை. தாளவாடிப் பக்கத்திலிருந்து சத்தியமங்கலம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லாரிகள் இறங்குகின்றன. ஆசனூர், காரப்பள்ளம் பகுதியில் யானைகள் அவற்றை மறித்துக் கரும்பை உருவித் தின்னப் பழகிவிட்டன. சோதனைச்சாவடி அருகே சாலையோரம் குட்டியோடு காத்திருப்பது செய்தித்தாள்களில் அடிக்கடி வரும் படம். காரில் இருப்பவருக்கு அது படம். மோட்டார் சைக்கிளில் இருப்பவருக்கு இடையே தகடு ஏதும் இல்லை. உள்ளூர்க்காரர்கள் சொல்லிக் கொடுப்பது இது: தூரத்திலேயே நில். என்ஜினை அணைக்காதே, உறுமவும் விடாதே. ஹாரனும் வேண்டாம், லைட்டை அடித்துக் காட்டவும் வேண்டாம். திரும்பிப் போக இடம் விட்டு நில். பேருந்து வரும்வரை பொறுத்திரு. வந்ததும் அதன் மறைவில், யானை இல்லாத பக்கமாகப் போய்விடு. முக்கியமாக, சாலையில் கரும்புத் துண்டு கிடந்தால் அது யாரோ போட்ட குப்பை என்று நினைக்காதே. யானை பக்கத்தில்தான் இருக்கிறது.

காகிதமும் காயமும்

எல்லை ஊர் என்பதால் வண்டிக் காகித வேலை இங்கே கொஞ்சம் கூடுதல். மைசூரு பக்கம் மலிவாகக் கிடைத்த யெஸ்டியை வாங்கியவர், அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டிப் பெயர் மாற்ற வேண்டும். பதினைந்து வருடம் கடந்தால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். ஐம்பது வருடம் கடந்த வண்டிகளுக்கு 2021-இல் தனிப் பழம்பொருள் பதிவு முறை வந்தது. அதற்கான முதற்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய் என்பதையும், அப்படிப் பதிந்தால் அன்றாடம் ஓட்ட முடியாது என்பதையும் கட்டிய பிறகு தெரிந்துகொள்வதைவிட முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

காயம் இன்னும் கனமான விஷயம். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்பது ஒன்றிய அரசின் கணக்கு. அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். தமிழ்நாட்டில் பின்னால் உட்கார்பவருக்கும் சேர்த்து ஹெல்மெட்டை 2015 ஜூலை முதல் கண்டிப்பாக்கியது உயர் நீதிமன்றம். ஆனால் அபராதத்துக்குப் பயந்து போடும் ஹெல்மெட் பெட்ரோல் டாங்கின் மேல்தான் பயணம் செய்யும். கன்னப்பட்டையை இழுத்துக் கட்டும் பழக்கம், கையுறை, கணுக்கால் மூடிய ஷூ எல்லாம் கூடவரும் ஆட்கள் முறைத்தால் வருபவை. கட்டுப்பாடான குழுக்களில் ஹெல்மெட் இல்லாதவருக்கு அன்றைய பயணம் கிடையாது. போலீஸைவிட இந்த முறைப்புக்கு வலு அதிகம்.

விபத்து நடந்த இடத்தில் கூட்டத்தின் பயன் இன்னும் நேரடியானது. குழுவாகப் போகும்போது வழி தெரிந்தவர் முன்னால், அனுபவசாலி கடைசியில், நடுவில் புதியவர்கள் என்பது வழக்கம். கடைசி வண்டிக்காரரிடம்தான் முதலுதவிப் பெட்டியும் பஞ்சர் கிட்டும் இருக்கும். மலையில் பல இடங்களில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. 108-ஐ அழைக்க ஒருவர் சிக்னல் கிடைக்கும் வளைவு வரை ஓட வேண்டும். அது எந்த வளைவு என்று தெரிந்தவர் கூட இருந்தால் அடிபட்டவருக்கு நேரம் மிச்சம். விழுந்தவரின் ஹெல்மெட்டை அவசரப்பட்டு உருவக் கூடாது, கழுத்து எலும்பு போயிருக்கலாம் என்பதையும் பலர் இத்தகைய குழுக்களில்தான் முதலில் கேட்கிறார்கள். உதவி செய்தவரை வழக்கில் இழுக்கக் கூடாது என்று 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. சாலையோரம் பதறி நிற்பவருக்கு இந்த இரண்டையும் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

வேகத்துக்கு ஓர் இடம்

வேகத்தின் மேல் ஆசை உள்ளவர்களை நல்ல வார்த்தை சொல்லி நிறுத்த முடியாது. அவர்களுக்கு இடம் காட்டத்தான் முடியும். கோவைக்கு அந்த இடம் உண்டு. பந்தயக் கார்களை வடிவமைத்துக் கட்டிய எஸ். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் 2003-இல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே, எல்.ஜி.பி. குடும்பத்தைச் சேர்ந்த பந்தய வீரர் பி. விஜயகுமாரின் முயற்சி. சுற்றளவு இரண்டு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் சிறிய தளம். அதற்கு முன் சென்னைப் பக்கம் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்துக்கும், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டைக்கும் போக வேண்டியிருந்தது. 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர் என்பதால் இந்த ஊரின் பந்தயப் பெயர் காரோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் தேசிய அளவிலான மோட்டார் சைக்கிள் பந்தயங்களும் செட்டிபாளையத்தில் நடக்கின்றன.

ஆர்வலருக்கு இதன் பயன் கோப்பையில் இல்லை. எதிரே லாரி வராத, மணல் கிடக்காத, விழுந்தால் தூக்க ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் ஒருமுறை ஓட்டியவருக்குத் தம் திறமையின் எல்லை தெரிந்துவிடுகிறது. தன்னைவிடச் சிறிய வண்டியில் வந்த பையன் ஒவ்வொரு வளைவிலும் தாண்டிப் போனால், அடுத்த வாரம் திம்பத்தில் காட்ட நினைத்த வீரம் பாதியாகக் குறைந்துவிடும்.

கூட்டம் தவறும் இடங்கள்

கூட்டறிவு எப்போதும் அறிவாக இருப்பதில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டால் வேகம் கூடும் என்பது தலைமுறைகள் தாண்டிய புரளி. உண்மையில் கலவையில் காற்று மிகுந்து என்ஜின் சூடாகும்; புழுதி உள்ளே போய் பிஸ்டன் ரிங்கைத் தின்னும். சைலன்சரைக் குடைந்தால் பவர் வரும் என்பது இன்னொன்று. டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சரின் வயிறும் வாலும் என்ஜினின் பாகம் போலவே வேலை செய்பவை; குடைந்தால் சத்தம்தான் கூடும், இழுவை குறையும். தெரிந்தவர் மறுக்கும் வரை புரளி வளரும். மறுக்கத் தெரிந்தவர்களோ பெரும்பாலும் அதிகம் பேசாத மெக்கானிக்குகள்.

சத்தமே ஒரு தனிக் குற்றச்சாட்டு. பதிவுச் சான்றில் உள்ளதை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது; உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. அதற்குப் பிறகும் ஞாயிறு காலைகளில் ஆசனூர்க் காடு அதிர்கிறது. புலிகள் காப்பகத்துக்குள் இருபது வண்டிகள் ஒன்றாக உறுமிக்கொண்டு போவதைத் தோழமை என்று அழைப்பதில் நேர்மை இல்லை. இன்னும் மோசமானது பின்தங்க வெட்கப்படும் மனம். தனியாகப் போனால் நாற்பதில் எடுக்கும் வளைவை, முன்னால் போனவர் அறுபதில் எடுத்தார் என்பதற்காகப் புதியவரும் அறுபதில் எடுப்பார். உயிர் காக்கும் கூட்டமும் உயிர் வாங்கும் கூட்டமும் பல நேரங்களில் ஒன்றேதான். அன்று முன்னால் போகிறவர் யார் என்பதைப் பொறுத்தது.

பெண்களை இந்தக் கூட்டங்களின் வாசல் நீண்ட காலம் வெளியே வைத்திருந்தது. அலிஷா அப்துல்லா போன்ற சென்னைப் பந்தய வீராங்கனைகள் பெயர் பெற்ற பிறகும், மெக்கானிக் கடை ஆயில் டப்பாவில் ஒரு பெண் உட்கார்ந்து கார்புரேட்டரைப் பற்றிப் பேசும் காட்சி கொங்கு ஊர்களில் அபூர்வம். 2011-இல் புனேயில் தொடங்கிய 'பைக்கர்னி' போல இந்தியாவெங்கும் பெண்கள் தனிக் குழுக்கள் அமைத்துக்கொண்டதற்கு, ஆண்களின் குழுக்களில் கேள்வி கேட்கவே இடம் கிடைக்காததும் ஒரு காரணம்.

கார்புரேட்டருக்குப் பின்

இங்கிலாந்தில் பழைய வண்டிக்காரர்கள் 1946-இலேயே சங்கம் வைத்தார்கள். அந்த விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பிடம் கம்பெனிகள் மூடப்பட்ட பிறகும் அவற்றின் கையேடுகளும் வரைபடங்களும் நூலகமாக இருக்கின்றன. கொங்கு நாட்டில் அப்படி ஏதும் இல்லை. யெஸ்டிக்கு எந்த அளவில் புஷ் கடைய வேண்டும் என்பது லேத்காரரின் நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதியிருக்கும். அவர் பட்டறையை மூடும்போது நோட்டும் பழைய பேப்பர் கடைக்குப் போகும். கைப்பேசிக் குழுவில் நள்ளிரவில் ஒருவர் ஐந்து நிமிடம் குரலில் சொல்லி வைத்த அருமையான விளக்கம், மறுநாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடுகிறது. ஜூலை இரண்டாம் ஞாயிறு ஜாவா தினத்துக்குக் கூடும் உற்சாகத்தில் பத்தில் ஒரு பங்கை அந்த நோட்டுகளைப் படம் எடுத்து வைப்பதில் காட்டியிருந்தால் பாதிச் சொத்து மிஞ்சியிருக்கும்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் வந்ததும் புது வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. காதால் கேட்டு டியூன் செய்த மெக்கானிக்கின் இடத்தை, சொருகினால் பழுதின் எண்ணைக் காட்டும் கருவி எடுத்துக்கொண்டது. பழைய வண்டிகளுக்கு வந்த சோதனை இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பர் குழாயையும் கார்புரேட்டரின் ஊசி நுனியையும் அரிக்கும். நிறுத்தி வைத்த வண்டியின் டாங்கில் ஈரத்தை இழுத்துத் துருவேற்றும். மாதக்கணக்கில் ஓடாத வண்டியில் பெட்ரோலை வடித்துவிட வேண்டும், ரப்பர் பாகங்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்ற வேண்டும் என்பவை இப்போது கூட்டங்களில் அதிகம் பேசப்படும் சங்கதிகள்.

மின்சார வண்டிகள் அதே ஓசூர்ப் பக்கத்திலிருந்துதான் வருகின்றன. ஆயில் கலவை பற்றிய வாதம் இருந்த இடத்தில் இப்போது சார்ஜ் பற்றிய வாதம். பண்ணாரியிலிருந்து திம்பம் வரை ஏறத்தாழ 800 மீட்டர் உயர்வு. ஆளும் வண்டியும் சேர்ந்து 200 கிலோ என்றால், அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் 0.44 யூனிட் மின்சாரம் வேண்டும். மூன்று யூனிட் பேட்டரியில் அது பதினைந்து விழுக்காடு. சாலை உராய்வும் மோட்டாரின் இழப்பும் அதற்கு மேல். இறங்கும்போது மோட்டாரே பிரேக்காக மாறி ஒரு பங்கைத் திருப்பித் தரும். பேட்டரி நிறைய இருக்கும்போதே இறங்கத் தொடங்கினால் அதை வாங்கிக்கொள்ள இடம் இருக்காது. மோட்டார் பிரேக்கின் பிடியும் குறையும், டிரம் பிரேக்கின் மேல் பாரம் விழும். ஆகவே ஆசனூரில் முழுச் சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்குவது சரியல்ல. எத்தனை விழுக்காட்டோடு இறங்கத் தொடங்குவது என்பது வண்டியைப் பொறுத்தும் ஓட்டுபவரின் எடையைப் பொறுத்தும் மாறும். கம்பெனிக் கையேட்டில் திம்பம் என்ற பெயர் இல்லை.